நிற்கும் வண்டியின் துரு

பழைய மோட்டார் சைக்கிளொன்றைப் பாழாக்குவதற்கு அதைக் கரடுமுரடான சாலைகளில் இரக்கமின்றி ஓட்ட வேண்டும் என்பதில்லை. வெயிலிலும் மழையிலும் வருஷக்கணக்காக அலைக்கழிக்க வேண்டும் என்பதுமில்லை. அதன்மேல் அளவிறந்த பிரியம் வைத்து, துடைத்து மெருகேற்றி, போர்வை போர்த்தி, நிழலான ஓரிடத்தில் நிறுத்திவிட்டாலே போதும், சில வருஷங்களில் அந்தக் காரியம் தானாகவே நடந்தேறிவிடும். மோட்டார் சைக்கிள்களிடமிருந்து அல்லாமல் கொதிகலன்களிடமிருந்து இந்த உண்மையை அறிந்துகொண்டவர்கள் நிறைந்த ஊரில் நான் குடியிருக்கிறேன்.

திருச்சிராப்பள்ளியிலிருந்து தஞ்சாவூருக்குப் போகும் நெடுஞ்சாலையில், எறும்பீசுவரர் கோயில் கொண்டிருக்கும் சிறு குன்றைத் தாண்டியபின் துவாக்குடி வருவதற்குள், சாலையோரத்து மரங்கள் அடர்ந்து, வீதிகள் நேர்கோடுகளாகி, வீடுகள் பெயரிழந்து வெறும் எழுத்தும் எண்ணுமாகிவிடுகிற இடம்தான் கைலாசபுரம். பாரத மிகுமின் நிறுவனத்தின் உயர் அழுத்தக் கொதிகலன் தொழிற்சாலை, செக்கோஸ்லோவாக்கிய தேசத்தாரின் உதவியோடு இங்கே எழும்பி 1965இல் உற்பத்தியைத் தொடங்க, அதில் உழைக்க வந்தவர்கள் வசிப்பதற்கென்று உண்டான நகரியம் இது. ஊரார் வாயில் அந்த நிறுவனம் வெறும் ‘பெல்’. அங்கே வேலை செய்பவர் ‘பெல்காரர்’. தேசத்தின் அனல்மின் நிலையங்கள் பலவற்றில் இரவும் பகலும் எரிந்துகொண்டிருக்கும் கொதிகலன்களின் குழாய்களும் டிரம்களும் இங்கே வளைக்கப்பட்டு, பற்றவைக்கப்பட்டு, கதிர்ப்படம் எடுத்துச் சோதிக்கப்பட்டுப் போனவை என்பதை, மாலையில் ஷிப்டு முடிந்து கேட்டுக்கு வெளியே பெருகிவரும் வாகனங்களைப் பார்க்கும் அந்நியர் எவரும் ஊகிக்கமாட்டார். அந்த வாகனப் பிரவாகத்தின் நடுவே எப்போதாவது ஒரு புல்லட்டின் ஓசை, மற்ற ஓசைகளையெல்லாம் கீழே தள்ளிவிட்டுத் தனித்து நிதானமாக எழும். அப்போது நடைபாதையில் போகிற வயோதிகர் சிலருடைய தலை, தம்மையறியாமலே அந்தப் பக்கம் திரும்பும்.

கொதிகலன் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓடிக்கொண்டிருக்கும் கொதிகலனுக்குள் செல்லும் நீர், முன்னதாகவே காற்று நீக்கப்பட்டு, ரசாயனங்களால் பக்குவம் செய்யப்பட்டிருப்பதால், அந்தக் கொடிய வெப்பத்திலும் அழுத்தத்திலும்கூடக் குழாயின் எஃகு பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கிறது. அதன் உட்புறத்தில் கரிய ஆக்ஸைடுப் படலமொன்று படிந்து அதுவே கவசமாகி நிற்கிறது. நெருப்பை அணைத்து நிறுத்தியபின்தான் அபாயம் ஆரம்பிக்கிறது. ஆவி குளிர்ந்து சுருங்க, வெளிக்காற்று உள்ளே புக, அதிலுள்ள பிராணவாயு எஞ்சிய ஈரத்தோடு சேர்ந்து எஃகைக் குழி குழியாக அரிக்கத் தொடங்குகிறது. ஆகையால் நெடுநாள் நிறுத்திவைக்க நேரும் கொதிகலனை, ஒன்று, ஹைட்ரஸீனும் அம்மோனியாவும் கலந்த நீரால் விளிம்புவரை நிரப்பி வைப்பார்கள். அல்லது அறவே உலர்த்தி, நைட்ரஜன் வாயுவை அடைத்து, அதன் அழுத்தம் குறையாதபடி காவலிருப்பார்கள். ஓட்டுவதற்கு எவ்வளவு சிரத்தை வேண்டுமோ அவ்வளவு சிரத்தை நிறுத்துவதற்கும் வேண்டும் என்பது அத்தொழிலின் பால பாடம். 1923ஆம் வருஷத்து இந்தியக் கொதிகலன் சட்டமும் இவ்விஷயத்தில் கண்டிப்பாகவே இருந்தது. நன்றாகத்தானே ஓடுகிறது என்னும் சமாதானத்தை ஏற்காமல், குறித்த காலத்தில் நிறுத்தித் திறந்து காட்டிச் சான்றிதழ் பெற வேண்டும் என்றது.

மோட்டார் சைக்கிளுக்கு நைட்ரஜன் அடைப்பார் ஒருவருமில்லை. நிறுத்திய மாத்திரத்தில் அதன் ஒவ்வோர் உறுப்பும் தனக்கே உரிய விதத்தில் கெட்டுப்போகத் தொடங்குகிறது. கார்புரேட்டர்க் கிண்ணத்தில் தங்கிய பெட்ரோல் ஆவியாகி, பிசினைப் போன்ற ஒரு பொருளை மட்டும் மிச்சம் வைத்துப் போக, அது பைலட் ஜெட்டின் நுண்துளையை அடைக்கிறது. பாதி நிரம்பிய டாங்கின் மேற்பாதியில் இரவுக் குளிரில் நீர் துளிர்த்துத் துருவாகிறது. பாட்டரித் தகடுகளில் கந்தக உப்பு படிகிறது. கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. புல்லட்டைப் பொறுத்தவரை இன்னொரு விசேஷமும் உண்டு: அதன் எண்ணெய் எஞ்சினின் அடியில் தேங்கிக் கிடப்பதன்று, கிராங்க் கேஸோடு ஒன்றாக வார்க்கப்பட்ட தனி அறையொன்றில் இருந்து, ஒரு பம்பினால் மேலேற்றப்பட்டு, மற்றொரு பம்பினால் திரும்ப அந்த அறைக்கே சேர்ப்பிக்கப்படுவது. வண்டி ஓடாமல் நின்றால், அந்த எண்ணெய் பம்பின் இடுக்கு வழியாக நாளுக்கு நாள் கசிந்து, கிராங்க் சுழலும் அறைக்குள் இறங்கிவிடும். நெடுநாள் கழித்து ஒருவர் அதைக் கிளப்பினால் சைலன்ஸர் வழியாக வெளிவரும் நீலப்புகையைக் கண்டு, சிலிண்டர் போர் தேய்ந்துவிட்டது, பிஸ்டன் மாற்ற வேண்டும் என்று பதறுவார். தேய்ந்தது ஒன்றுமில்லை, நின்றதன் பலன் அது.

இவற்றையெல்லாம் நான் புஸ்தகத்தில் படித்திருந்தபோதிலும், பிரத்யட்சமாகக் கண்டது லால்குடிப் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து என் கைக்கு வந்துசேர்ந்த, 1970களின் தொடக்கத்தில் செய்யப்பட்ட ஒரு 350 புல்லட்டினால்தான். வீட்டுக்குடையவர் அதை விற்க மனமில்லாமலும் ஓட்டத் தெம்பில்லாமலும், நெற்குதிருக்கும் டிராக்டருக்கும் நடுவே, பழைய பட்டு வேஷ்டி ஒன்றால் மூடி வைத்திருந்தார். வேஷ்டியை விலக்கியபோது தெரிந்த கறுப்பு வர்ணமும், டாங்கில் கையால் இழுத்த பொன்னிறக் கோடுகளும், நேற்று ஷோரூமிலிருந்து வந்ததாகவே எண்ணச் செய்தன. திருவெறும்பூரில் நான் நம்பும் பட்டறையொன்றில் எஞ்சினைத் திறந்தபோது கண்ட காட்சி வேறு. பிஸ்டன் அசையவில்லை, பிளக்கைக் கழற்றி எண்ணெய் விட்டு ஊறவைத்த பிறகே மெல்ல இளகியது. அது அத்தனை வருஷங்களும் எந்த உயரத்தில் நின்றதோ அந்த உயரத்தில், வளையங்கள் தொட்டுக்கொண்டிருந்த இடத்தில், சிலிண்டரின் வார்ப்பிரும்புச் சுவரைச் சுற்றி ஒரு தழும்பு விழுந்திருந்தது. கிராங்கின் கீழ்ப்பாதி, கசிந்திறங்கிய எண்ணெயில் மூழ்கியிருந்தமையால் புதுமெருகு குலையாமல் பளபளத்தது. எண்ணெய் எட்டாத மேற்பாதி துருவேறிக் கிடந்தது. எக்ஸாஸ்ட் வால்வு திறந்தவாக்கில் நின்றுபோனதால் அதன் வழியே மார்கழிப் பனியெல்லாம் உள்ளே போய்வந்திருக்கிறது. சைலன்ஸரின் வாலில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. மெக்கானிக் அதையெல்லாம் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஓடித் தேஞ்சிருந்தா பரவால்ல சார், நின்னே போயிருக்கு” என்றார். ஓடித் தேய்ந்ததற்கு அடுத்த அளவுப் பிஸ்டன் உண்டு. அதற்கென்றே தயாரிப்பாளர்கள் ஓவர்சைஸ் பிஸ்டன்களைப் படிப்படியாகச் செய்து வைத்திருக்கிறார்கள். தேய்மானம் எதிர்பார்க்கப்பட்ட ஒன்று, யந்திரத்தின் ஆயுளில் கணக்கு வைக்கப்பட்ட ஒன்று. நின்று கெடுவதற்கு யாரும் கணக்கு வைக்கவில்லை.

இந்தப் புல்லட்டே ஒருவிதத்தில் நிற்க மறுத்த வண்டிதான். இங்கிலாந்தின் ரெட்டிச் என்னும் ஊரில் ராயல் என்ஃபீல்டு கம்பெனியார் செய்துவந்த இந்த மாதிரியை, 1950களில் நம் ராணுவம் எல்லைக் காவலுக்கென்று தேர்ந்தெடுத்தது. அதையொட்டி 1955இல் மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் ரெட்டிச்சாரோடு கூடி என்ஃபீல்டு இந்தியா என்ற கம்பெனியை ஏற்படுத்தி, சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் தொழிற்சாலை கட்டியது. முதலில் அங்கிருந்து உறுப்புகளாக வந்தவை இங்கே பூட்டப்பட்டன. 1960களின் ஆரம்பத்திற்குள் உறுப்புகளும் இங்கேயே செய்யப்படலாயின. பிற்பாடு நடந்தது விசித்திரம். தாய்க் கம்பெனி நொடித்து, 1970இல் இங்கிலாந்தில் உற்பத்தியே நின்றுபோயிற்று. திருவொற்றியூரிலோ 70 மில்லிமீட்டர் போரும் 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக்கும் கொண்ட அதே 346 ஸி.ஸி. எஞ்சின், வலப்பக்கக் கியரும் இடப்பக்கப் பிரேக்குமாக, பெரிதும் மாறாமல் வார்க்கப்பட்டுக்கொண்டே இருந்தது. 1977இல் அதைச் செய்துகாட்டிய இங்கிலாந்துக்கே அது ஏற்றுமதியாயிற்று. வெள்ளைக்காரர் பழம்பொருள் என்று வாங்கியதை, நம் போலீஸ்காரரும், டெல்டா மிராசுதாரரும், பால் வியாபாரியும் புதுவண்டி என்று வாங்கிக்கொண்டிருந்தார்கள். வார்ப்பிரும்புச் சிலிண்டர் கொண்ட அந்த எஞ்சின் 2010ஐ ஒட்டித்தான் விடைபெற்றது. ஆகவே நம் நாட்டில் ஒரு புல்லட் எந்த நாளில் பழையதாயிற்று என்று வரையறுப்பது, தர்க்க சாஸ்திரம் பயின்றவருக்கும் சிரமமே.

மைசூரில் செய்யப்பட்ட ஜாவாவின் கதை இதற்கு நேர்மாறானது. கைலாசபுரத்துக்கு ஒருவிதத்தில் அது உறவுமுறையும்கூட. இங்கே கொதிகலன் செய்யக் கற்றுக்கொடுத்த செக்கோஸ்லோவாக்கியாவே, சில வருஷங்களுக்கு முன்பாக, 1961இல் ஐடியல் ஜாவா என்ற பெயரில் மைசூரில் மோட்டார் சைக்கிள் செய்யவும் கற்றுக்கொடுத்தது. ஒற்றைச் சிலிண்டருக்கு இரட்டைச் சைலன்ஸர். உதைக்கும் கம்பியே, உள்ளே அழுத்தி முன்னால் மடித்தால், கியர்க் கம்பியாகிவிடும் சாமர்த்தியம். கியர் மிதிக்கும்போதே கிளட்சைத் தானே விலக்கிக்கொள்ளும் உபாயம். 1973க்குப் பிறகு யெஸ்டி என்று பெயர் மாறி, 1996இல் ஆலை மூடப்பட்டது. செய்பவர் இல்லாமல் போன பிறகும் வண்டிகள் சாகவில்லை. மைசூரிலும் பெங்களூரிலும் பட்டறைக்காரர்களும் பிரியர்களும் சேர்ந்து அவற்றை ஓட்டிக்கொண்டே இருந்தார்கள். ஜூலை மாதத்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையை அதற்கென்றே ஒரு திருநாளாக வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கில் ஊர்வலம் வந்தார்கள். 2018இல் ஜாவா என்னும் பெயர் புதுவண்டிகளில் மறுபடியும் எழுந்தது வியாபார விஷயம். அதற்கிடையே இருபது வருஷங்களுக்கு மேலாக அதைச் சுமந்தவர்கள் சாதாரண மனிதர்களே. நிற்கும் ஜாவா நிற்கும் புல்லட்டைவிடச் சீக்கிரம் கெடும் என்பதையும் சொல்ல வேண்டும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினாகையால் அதன் கிராங்க் பேரிங்குகளுக்கென்று தனி எண்ணெய்த் தொட்டி கிடையாது. பெட்ரோலில் கலந்து வரும் எண்ணெயே அவற்றுக்கு ஆதாரம். ஓடினால்தான் அது வரும்.

ஓட்டுவது என்று சொன்னேன். பழைய புல்லட்டைக் கிளப்புவதே ஒரு வித்தை. இக்காலத்துப் பித்தான் அழுத்தும் பழக்கத்தில் வளர்ந்தவருக்கு அது ஒரு வீண் சடங்காகத் தோன்றலாம். பெட்ரோல் குழாயைத் திறந்து, சாவியைப் போட்டு, ஹெட்லைட்டுக்கு மேலிருக்கும் ஆம்ப்மீட்டரைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெல்ல மெல்லக் காலால் அழுத்திக்கொண்டு போனால், உள்ளே தீப்பொறியை ஏவும் பாயின்ட் மூடியிருக்கும்வரை முள் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். பாயின்ட் திறந்த கணத்தில் துள்ளி நடுவுக்கு வரும். பிஸ்டன் ஏறக்குறைய உச்சிக்கு வந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். அப்போது இடக்கையால் டீகம்ப்ரஸர் கம்பியைப் பிடித்து, பிஸ்டனை இன்னும் சிறிதளவு நகர்த்திவிட்டு, கம்பியை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, அதன்பின் அவசரமின்றி முழுவீச்சாக ஓர் உதை. சரியாகச் செய்தால் குழந்தையும் கிளப்பலாம்; தவறினால் கிக்கர் திருப்பி உதைக்கும், கணுக்கால் அதை வெகுநாள் ஞாபகம் வைத்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத இரும்பறைக்குள் ஒரு பிஸ்டன் இப்போது எங்கே நிற்கிறது என்பதை, ஒரு முள்ளின் அசைவையும் பாதத்தில் உணரும் எதிர்ப்பையும் கொண்டே அறிந்துகொள்கிற இந்தக் காரியத்தில், வாகனத்தின் உள்ளமைப்பு முழுவதும் தினந்தோறும் ஒருமுறை மனசுக்குள் ஓடி மறைகிறது. அதனால்தான் பழைய வண்டிக்காரர் தம் வண்டியின் நோயை, அது முற்றுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறார். முள் துள்ளுவதற்குப் பதிலாகத் தயங்கினால் பாயின்ட் கருகியிருக்கிறது. உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து, இடைவெளியை ஃபீலர் கேஜால் 0.35 மில்லிமீட்டருக்கும் 0.40 மில்லிமீட்டருக்கும் இடையில் நிறுத்தினால் தீர்ந்தது. டேப்பட் அளவு பார்ப்பதற்கோ கேஜும் வேண்டாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது புஷ்ராடை இரு விரலால் உருட்டினால் தடையின்றிச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. விரல்தான் அங்கே அளவுகோல்.

இந்த ஞானம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், அதில் பெருமைப்பட அதிகமில்லை. பற்றாக்குறையே அதன் தாய். இறக்குமதிக்குத் தடையும், உற்பத்திக்கு லைசென்ஸும், ஸ்கூட்டருக்கு வருஷக்கணக்கில் காத்திருப்பும் இருந்த காலத்தில், ஒருமுறை வாங்கியதை ஆயுள்பரியந்தம் ஓட்டுவதைத் தவிர வேறு கதியில்லை. ஆகவே வாங்கியவர் பாதி மெக்கானிக்காகவும், மெக்கானிக் பாதித் தயாரிப்பாளராகவும் ஆனார்கள். கிடைக்காத புஷ்ஷை லேத்தில் கடைந்தார்கள். பேக்கிங்கை அட்டையில் வைத்து, சுத்தியலின் உருண்டை முனையால் தட்டித் தட்டியே வெட்டினார்கள். 1984, 1985இல் ஜப்பானியக் கூட்டுறவோடு வந்த 100 ஸி.ஸி. வண்டிகள் இந்த அவசியத்தை வெகுவாகப் போக்கின. அது நல்லதற்கே என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இரவு ஷிப்டு முடிந்து நடுநிசியில் வீடு திரும்புகிறவருக்கு வேண்டியது முதல் உதையிலேயே கிளம்பும் வண்டியே தவிர, ஆம்ப்மீட்டர் முள்ளின் தத்துவமன்று. ஆனால் அந்தக் கைகள்? அவை பற்றாக்குறைக்காகப் பிறந்தவை என்பதற்காகப் பற்றாக்குறையோடு போய்விட வேண்டியவைதானா?

கைலாசபுரத்தைச் சுற்றி அவை போய்விடவில்லை என்றே சொல்வேன். கொதிகலன் குழாய்களின் மூட்டில் முதல் அடுக்கை ஆர்கான் வாயுவின் காப்பில் பற்றவைக்கும் வேலை இப்பக்கத்தின் தனிப்பெருந்தொழில். வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் என்றே ஒன்று 1975இலிருந்து இங்கே நடந்துவருகிறது. துவாக்குடித் தொழிற்பேட்டையின் சிறு கூடங்களில் அக்கலையில் கைதேர்ந்தவர்களுக்குக் குறைவில்லை. கிராங்க் கேஸில் விரிசல் கண்ட அலுமினியத்தை மற்ற ஊர்களில் ‘இது வேலைக்காகாது, வேறு பாருங்கள்’ என்று திருப்பிவிடுவார்கள்; இங்கே ‘ஆர்கான் போட்டால் சரியாகிவிடும்’ என்று வாங்கி வைத்துக்கொள்வார்கள். சில மைல் தள்ளிப் பொன்மலையில் நடப்பதோ இதனினும் பெரிது. 1928இல் நாகப்பட்டினத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த அந்த ரயில்வேப் பணிமனையில்தான், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பல்சக்கரத்தின்மேல் ஏறும் நீலகிரி மலை ரயிலின் நீராவி எஞ்சின்கள் பழுதுபார்க்கப்படுகின்றன. அவற்றைச் செய்த ஸ்விட்ஸர்லாந்துத் தொழிற்சாலை கைவிட்டு வெகுகாலமாகிவிட, பொன்மலையார் பழுதுபார்ப்பதோடு நில்லாமல், அதே எக்ஸ் வகுப்பில், எண்ணெய் எரிக்கும் புதிய எஞ்சின்களையே முழுக்க முழுக்கச் செய்து மலைக்கு அனுப்பினார்கள். இந்த நூற்றாண்டில் நீராவி எஞ்சின் ஒன்றைப் புதிதாகச் செய்வது பித்துக்குளித்தனம் என்று நினைக்கிறவர்கள், ஒரு விஷயத்தை யோசித்துப் பார்க்கலாம்: யுனெஸ்கோவின் பட்டியலில் 2005இல் இடம்பெற்ற அந்த ரயிலை எஞ்சின்களைக் கண்ணாடிக்குள் நிறுத்திக் காப்பாற்றியிருக்க முடியாது, அது மலையேறினால்தான் அது அந்த ரயில்.

இங்கே சொல்லவேண்டியதொரு குறை உண்டு. பழைய மோட்டார் சைக்கிள் இப்போது கௌரவப் பொருளாகிவிட்டது. நகரங்களில் அதை ‘ரெஸ்டோர்’ செய்து தருவதற்கென்றே கூடங்கள் கிளம்பி, ஆலையிலிருந்து வந்த நாளில்கூட அதற்கு இல்லாத அளவு குரோமியம் பூசி, வீட்டு வரவேற்பறைக்குப் பொருத்தமாக்கித் தருகின்றன. எண்ணெய் ஒரு சொட்டும் கீழே விழாதபடி டாங்கையும் எஞ்சினையும் வற்றடித்துத்தான் அந்த அறையில் வைக்க முடியும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். அந்த வேலைத்திறத்தை நான் மெச்சாமலில்லை. ஆனால் அது பராமரிப்பு அல்ல, அலங்காரம். பராமரிப்புக்கு இந்தப் பக்கத்திலேயே ஒரு மாதிரி இருக்கிறது. ஸ்ரீரங்கத்து மூலவரான பெரிய பெருமாள் சுதையால் ஆனவராகையால் அவருக்குத் திருமஞ்சனம் கிடையாது. ஆண்டுக்கு இருமுறை தைலக்காப்புதான். உற்சவரான நம்பெருமாளுக்கோ ஆனி மாதத்து ஜ்யேஷ்டாபிஷேகத்தில், அங்கியைக் களைந்து, காவேரியிலிருந்து வந்த நீரால் திருமஞ்சனம் செய்து, அங்கியைச் சுத்தி செய்து திரும்பச் சாத்துகிறார்கள். சுதைக்கு எது ஆகும், உலோகத்துக்கு எது ஆகும் என்று பொருளறிந்து வகுத்த முறை அது. வருஷந்தோறும் தவறாமல் நடப்பது. ஒருவர் மறந்தாலும் பஞ்சாங்கம் மறக்காதது. அதே நம்பெருமாள்தான் வீதியெங்கும் புறப்பாடு கண்டருளிக்கொண்டும் இருக்கிறார். 2017இல் அக்கோயிலின் புனருத்தாரணத்துக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தபோது, வழிபாடு நடந்துகொண்டிருக்கும் ஒரு கோயிலையே அவ்விதம் பேண முடிந்தது என்பதுதான் எனக்குப் பெரிதாகப்பட்டது.

இந்த நோக்கில் பார்த்தால், பழைய வண்டிக்காரர்களிடையே ஓயாமல் நடக்கும் ‘ஒரிஜினல்’ சண்டையிலும் ஒரு தெளிவு உண்டாகிறது. போல்ட்டின் தலையில் பொறித்த எழுத்துவரை ஆலையிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும் என்று சாதிக்கிற தூய்மைவாதிகள் ஒருபுறம். கறுப்பு புல்லட்டில் அலாய் வீலும் எல்.ஈ.டி. விளக்கும் மாட்டி, பழமையின் ஓசையை மட்டும் வைத்துக்கொள்கிறவர்கள் மறுபுறம். நான் 6 வோல்ட் மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றிவிட்டேன். பழைய விளக்கின் மங்கிய மஞ்சள் வெளிச்சத்தில் தஞ்சாவூர்ச் சாலையின் மணல் லாரிகளுக்கிடையே இரவில் போவது தைரியம் ஆகாது, அவிவேகமே ஆகும். இந்த மாறுதலால் வண்டி அதிகமாக ஓடுகிறதா குறைவாக ஓடுகிறதா என்பதொன்றே என் உரைகல். பாயின்ட்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் வைத்தாலும் வண்டி அதிகமாகத்தான் ஓடும். ஆனாலும் அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. அது ஆம்ப்மீட்டர் முள்ளின்மேலுள்ள அபிமானமே தவிர நியாயமில்லை என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமுமில்லை.

சர்க்கார் வேறுவிதமாக நினைக்கிறது. 2021இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட திருத்தத்தின்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது வருஷங்களைக் கடந்த, மூலவடிவம் மாறாத இருசக்கர, நான்குசக்கர வாகனங்களுக்கு ‘வி.ஏ.’ என்ற தனி வரிசையில் எண் கிடைக்கும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய். பிற்பாடு மறுபதிவுக்கு 5,000 ரூபாய். செல்லுபடியாகும் காலம் பத்து வருஷம். பழம் வாகனமென்று சட்டமே வணங்கி ஒதுங்கும் இந்த மரியாதைக்குப் பிரதியாக அது கேட்பது ஒன்றே: அவ்வண்டியைச் சாதாரணமாகச் சாலையில் ஓட்டக்கூடாது. கண்காட்சிக்கு, பழம் வாகன ஊர்வலத்துக்கு, தொழில்நுட்ப ஆராய்ச்சிக்கு, பெட்ரோல் போடவும் பழுதுபார்க்கவும் போய்வரலாம், அவ்வளவே. புகையையும் நெரிசலையும் எண்ணிச் செய்த விதி. அதன் நோக்கத்தில் குற்றம் காண்பதற்கில்லை. ஆனால் சட்டம் இப்படி வண்டியை நிற்கச் சொல்கிற அதே காலத்தில், பெட்ரோல் பங்க்கில் கிடைக்கும் எரிபொருள் அதை நிற்காதே என்று துரத்துகிறது. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனாலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சுபாவம் உண்டு. நெடுநாள் டாங்கில் கிடந்தால் நீரைச் சேர்த்துக்கொண்டு பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கி, தகரத்தை அங்கிருந்து அரிக்கத் தொடங்கும். அரை நூற்றாண்டுக்கு முந்தைய ரப்பர் ஹோஸையும் வாஷரையும் ஊறவைத்து நெகிழ்த்தும். கொதிகலன்காரர் அஞ்சுகிற அதே நீரும் பிராணவாயுவும்தான், இப்போது பெட்ரோலோடேயே சேர்ந்து வருகின்றன.

ஆகவே என் லால்குடிப் புல்லட்டின் ஆர்.சி. புத்தகம் மறுபடியும் புதுப்பிக்க வேண்டிய கட்டத்துக்கு வந்தபோது, வி.ஏ. வரிசைக்கு வயதுத் தகுதியிருந்தும், பட்டறை நண்பர்களில் சிலர் வற்புறுத்தியும், நான் அதை நாடவில்லை. பிரேக், ஹாரன், விளக்கு, புகை எல்லாம் காட்டிச் சோதனைக்கு உட்பட்டு, பசுமை வரியையும் கட்டி, மற்றெல்லா வண்டிகளையும் போல ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்துக்கொண்டேன். எத்தனாலுக்குத் தாங்கும் ஹோஸ் போட்டாயிற்று. டாங்கைப் பாதியில் நிறுத்தாமல் நிரப்பியே வைக்கிறேன். இரண்டு வாரம் ஊரில் இல்லாவிட்டால், கிளம்புமுன் பெட்ரோல் குழாயை மூடிவிட்டுக் கார்புரேட்டர்க் கிண்ணம் வற்றும்வரை எஞ்சினை ஓடவிடுகிறேன். மற்றபடி வாரத்தில் சில நாள் காந்தி மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்க அதில்தான் போவது. திரும்பும்போது பூசணிக்காய் இருந்தால், பின்ஸீட்டில் கயிறு போட்டுக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.